மத்தேயு, மாற்கு, லூக்கா: யார் கையில் யாருடைய ஏடு இருந்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். லெந்து நாட்களில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்ற மூன்று சுவிசேஷங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்திருக்கிறீர்கள். படித்ததையே திரும்பப் படிப்பது போல இருந்திருக்கிறது. சில இடங்களில் வரிக்கு வரி ஒன்றாக இருக்கிறதே என்று சபையின் வேதபாட வகுப்பில் கேட்டபோது, “ஒரு விபத்தை நாலு பேர் பார்த்தால் நாலு பேரும் அதையேதானே சொல்வார்கள்” என்று பதில் வந்திருக்கிறது. அது உங்கள் மனசுக்கு ஒட்டவில்லை. என் காதில் இதில் இரண்டு கேள்வி விழுகிறது. ஒன்று, இவர்களில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பது. மற்றதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அடியில் கிடக்கிறது: பார்த்து எழுதியது என்றால் அது வேதமாகுமா? முதல் கேள்விதான் எனக்குப் பழக்கப்பட்டது. இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இறையியல் படித்தவன். சுவிசேஷங்களின் மூலமொழியான கிரேக்கத்தை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பேன், அதற்கு மேல் உரிமை கொண்டாட மாட்டேன். பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் உபதேசியார்களுக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் சுவிசேஷப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் படிப்பைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தது என் அப்பாவின் தொழில். அவர் பத்திரம் எழுதுகிறவர். ஒரு பத்திரத்தைக் கையில் வாங்கினால், இது எந்த மூலப்பத்திரத்தைப் பார்த்து எழுதியது என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். சுவிசேஷ ஆராய்ச்சிக்காரர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

விபத்து உதாரணத்தைத் தள்ளிவைத்துவிடுவோம். வண்ணார்பேட்டையில் பஸ்ஸும் பைக்கும் மோதிக்கொண்டதை நாலு பேர் பார்த்தால், ஒருவர் பஸ் வேகமாக வந்தது என்பார், ஒருவர் பைக்கில் லைட் இல்லை என்பார், ஒருவர் சத்தம் கேட்டுத் திரும்பினேன் என்பார். நாலு பேர் வாக்குமூலமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால், ஸ்டேஷன் ரைட்டர் எழுதி நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினார் என்றுதான் வக்கீல் சொல்வார். நம் சபைகளில் சுவிசேஷங்களுக்குள் உள்ள வித்தியாசங்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறோம், கல்லறையில் ஒரு தூதனா இரண்டு பேரா என்பது மாதிரி. இந்தத் துறையில் இருப்பவர்களைத் தலையைச் சொறிய வைத்தது வித்தியாசமே அல்ல, ஒற்றுமைதான்.

அந்த ஒற்றுமை எவ்வளவு ஆழம் என்பதற்கு ஓர் இடம். மத்தேயு 3:7-10, லூக்கா 3:7-9. “விரியன்பாம்புக்குட்டிகளே! வருங்கோபத்துக்குத் தப்பித்துக்கொள்ள உங்களுக்கு வகைகாட்டினவன் யார்?” என்று யோவான்ஸ்நானன் ஆரம்பிக்கிற பேச்சு. கிரேக்கத்தில் அறுபது சொல்லுக்கு மேல் இருக்கும். மூன்று நான்கு சொற்களைத் தவிர இரண்டு நூலிலும் எல்லாம் ஒன்று, சொல் வரிசை உட்பட. (யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதில் மட்டும் வேறுபடுகிறார்கள். மத்தேயுவில் பரிசேயரும் சதுசேயரும், லூக்காவில் ஜனங்கள். திட்டு அதே திட்டுதான், வாங்கிக்கொண்டவர்கள் வேறு.) இப்போது யோசியுங்கள். யோவான் கிரேக்கத்தில் பிரசங்கம் பண்ணவில்லை. அவர் ஜனங்களோடு பேசியது அரமாயிக் மொழி. கன்வென்ஷன் பந்தலில் வெளிநாட்டுப் பிரசங்கியாரின் இங்கிலீஷை இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்துத் தமிழில் சொல்லச் சொன்னால், கருத்து ஒன்றாக இருக்கலாம், அறுபது சொல் வரிசையாக ஒன்றாக வருமா? வரவே வராது. கர்த்தருடைய ஜெபத்தில் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை” என்கிறோமே, அந்த “வேண்டிய” என்ற இடத்தில் மத்தேயுவிலும் லூக்காவிலும் இருப்பது ‘எப்பியூசியோஸ்’ என்ற ஒரு விநோதச் சொல். மூன்றாம் நூற்றாண்டின் கிரேக்கப் பண்டிதரான ஓரிகனே, இது கற்றவர்கள் எழுத்திலும் இல்லை, சாதாரண ஜனங்கள் பேச்சிலும் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட சொல் இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தோன்றியது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சரி, வாய்மொழியாக மனப்பாடமாக வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் பக்கத்தில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது புரியும். சுடலைமாடன் கதையை ஊருக்கு ஊர் வேறு வேறு புலவர் பாடுவார். கதையின் போக்கு மாறாது, முக்கியமான அடிகள் மாறாது. நடுவில் வருகிற இணைப்புப் பேச்சும் கேலியும் விளக்கமும் ஆளுக்கு ஆள் மாறும். வாய்மொழியின் குணம் அது. சுவிசேஷங்களில் சில கதைகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் இணைப்புப் பேச்சே ஒன்றாக இருக்கிறது. திமிர்வாதக்காரன் கதையில் இயேசு பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் பாதியில் நிற்கிறது, கதை சொல்பவர் குறுக்கே வந்து “திமிர்வாதக்காரனை நோக்கி” என்கிறார், பேச்சு தொடர்கிறது. மூன்று நூலிலும் அதே இடத்தில்தான் அந்த வெட்டு. இதைவிடச் சுவாரசியமானது மாற்கு 13:14. பாழாக்குகிற அருவருப்பைப் பற்றி இயேசு சீஷர்களிடம் பேசுகிற நடுவில், “வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்” என்று ஒரு வரி. மத்தேயு 24:15-லும் அதே இடத்தில் அதே வரி. ஒலிவமலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யார் எதை வாசித்துக்கொண்டிருந்தார்கள்? அந்த அருவருப்பைப் பற்றிப் பேசும் தானியேல் புத்தகத்தை வாசிக்கிறவனைச் சொல்கிறது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், இரண்டு பேரும் அதை ஒரே இடத்தில் செருகியது எப்படி? ஒருவர் மேஜையில் இன்னொருவருடைய எழுத்து விரிந்து கிடந்திருக்கிறது. இதுவரை சொன்னதில் அறிஞர்களிடையே பெரிய சண்டை கிடையாது. எழுத்துத் தொடர்பு உண்டு என்பதைக் கிட்டத்தட்ட எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

யார் முந்தி என்பதில்தான் சண்டை. கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மாற்கில் சுமார் 660 வசனம். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஏதோ ஒரு வடிவில் மத்தேயுவில் இருக்கிறது, பாதிக்கு மேல் லூக்காவில் இருக்கிறது. மாற்கில் மட்டுமே இருப்பது சொற்பம்: தானாக முளைத்து வளரும் விதையின் உவமை, பெத்சாயிதாவில் இரண்டு தடவையாகக் கண் தெளிந்த குருடன், கெத்செமனேயில் துப்பட்டியைப் போட்டுவிட்டு ஓடின வாலிபன், இப்படிச் சில. ஆகவே ஒன்று, மாற்கு மத்தேயுவின் சுருக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மத்தேயு மாற்கின் விரிவாக இருக்க வேண்டும். கி.பி. 400 வாக்கில் அகஸ்தீன் முதல் வழியைச் சொன்னார்: மாற்கு மத்தேயுவின் பின்னால் போய்ச் சுருக்கியவர். நம் வேதாகமத்தில் மத்தேயு முதலில் இருப்பதும் அந்த எண்ணத்துக்கு ஒத்துப்போகிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகக் கிளறவில்லை.

கிளறிப் பார்த்தால் நிற்கவில்லை. மாற்கு நூல்தான் சின்னது, அதில் உள்ள கதைகள் சின்னவை அல்ல. யவீரு மகளும் பெரும்பாடுள்ள ஸ்திரீயும் வருகிற கதை மாற்கில் 23 வசனம், லூக்காவில் 17, மத்தேயுவில் வெறும் 9. கல்லறைகளில் குடியிருந்த பிசாசு பிடித்தவன் கதை மாற்கில் 20 வசனம், மத்தேயுவில் 7. மலைப்பிரசங்கத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் பெத்லகேமையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் வைத்த கதைகளை மட்டும் இரண்டு மூன்று மடங்கு நீட்டுகிறவரைச் சுருக்கம் எழுதுகிறவர் என்று எப்படிச் சொல்வது? மாறாக, பெரிய நூல் எழுத உட்கார்ந்த மத்தேயு, நிறைய புதுச் சரக்குக்கு இடம் வேண்டும் என்று பழைய கதைகளை இறுக்கிக் கட்டினார் என்றால் சரியாக உட்காருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம், ஏரோது யோவான்ஸ்நானனின் தலையை வெட்டுவித்த கதையில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு பத்திரக் கதை. எங்கள் வீட்டில் பழைய கிரயப் பத்திரம் ஒன்று உண்டு. தாத்தா ஒரு பனைவிளையை வாங்கியபோது எழுதியது. எழுதினவர் முந்தின பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். முதல் பக்கத்தில் பெயரெல்லாம் அழகாக மாறியிருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், நான்கெல்லை சொல்லி முடித்த இடத்தில், விற்றவருக்கும் முந்தின சொந்தக்காரரின் பெயர் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. கை அசந்த இடம் அது. “பார்த்து எழுதினவன் முதல் பக்கத்துல மாட்ட மாட்டான்டே, மூணாம் பக்கத்துல மாட்டுவான்” என்பார் அப்பா. இப்போது மத்தேயு 14-ஐ எடுங்கள். ஏரோது அந்திப்பா உண்மையில் ராஜா அல்ல, நாட்டின் ஒரு பங்கை ஆண்டவன். மாற்கு 6:14 அவனை “ஏரோது ராஜா” என்கிறது, கதை முழுக்க ராஜா ராஜா என்றே போகிறது. மத்தேயு விவரம் தெரிந்தவர். 14:1-ல் “காற்பங்கு தேசாதிபதியாகிய ஏரோது” என்று திருத்தி ஆரம்பிக்கிறார். எட்டு வசனம் தாண்டி 14:9-க்கு வந்தால், “ராஜா துக்கமடைந்தான்”. மூன்றாம் பக்கம்! அதோடு முடியவில்லை. ராஜா ஏன் துக்கப்பட வேண்டும்? மாற்கில் அதற்குக் காரணம் இருக்கிறது: யோவானைக் கொல்ல நினைத்தது அவன் மனைவி ஏரோதியாள், ஏரோது அவரை நீதிமான் என்று பயந்து பாதுகாத்து, அவர் சொல்வதை விருப்பத்தோடு கேட்டுக்கொண்டிருந்தான். மத்தேயு கதையைச் சுருக்கும்போது, கொல்ல நினைத்ததே ஏரோதுதான் என்று 14:5-ல் ஆக்கிவிட்டார். கொல்ல நினைத்தவன் தலையைக் கேட்டதும் துக்கப்படுகிறான். மாற்கிலிருந்து வந்த துக்கம் காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது. மாற்கு மத்தேயுவைப் பார்த்து எழுதினார் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தடத்துக்கு விளக்கம் சொல்வது பெரும்பாடு.

இன்னொரு வகைத் தடம், கரடுமுரடை இழைப்பது. படகில் புயல் அடிக்கிறது, இயேசு தூங்குகிறார். மாற்கு 4:38-ல் தலையணைகூட இருக்கிறது. சீஷர்கள் எழுப்பி, “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்கிறார்கள். பயந்துபோனவன் பேசுகிற பேச்சு, கொஞ்சம் கோபமும் இருக்கிறது. மத்தேயு 8:25-ல் அது “ஆண்டவரே, எங்களை இரட்சியும், மடிந்துபோகிறோம்” என்று ஜெபமாகிவிடுகிறது. லூக்கா 8:24-ல் “ஐயரே, ஐயரே, மடிந்துபோகிறோம்”. (குருவானவரை ஐயர் என்று கூப்பிடும் நம் ஜில்லாவில் இந்த வசனத்தை வாசிக்கும்போது சேகரத்து ஐயரைக் கூப்பிடுவது போலவே இருக்கும்.) நாசரேத்தில் இயேசு அற்புதம் செய்யக் கூடாமல் போயிற்று என்று மாற்கு 6:5 சொல்கிறது, மத்தேயு 13:58 அநேக அற்புதங்களைச் செய்யவில்லை என்கிறது. ‘முடியவில்லை’ என்பது ‘செய்யவில்லை’ ஆகிவிட்டது. இயேசுவின் இனத்தார் அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று பிடித்துக்கொண்டுபோக வந்தார்கள் என்ற மாற்கு 3:21 மற்ற இருவரிடமும் இல்லவே இல்லை. பெரும்பாடுள்ள ஸ்திரீ அநேக வைத்தியர்களிடம் பாடுபட்டு, இன்னும் மோசமானாள் என்கிறது மாற்கு. லூக்காவிலோ ஒருவராலும் குணமாக்க முடியவில்லை என்பதோடு சரி. லூக்கா வைத்தியராச்சே, சக தொழில்காரர்களை விட்டுக்கொடுக்கவில்லை என்று வகுப்பில் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அதை ஆதாரமாகச் சொல்ல மாட்டேன், நூலுக்குள் ஆசிரியர் பெயர் கிடையாது, வைத்தியர் லூக்கா என்பது சபை மரபு. மரியாதை கூடிக்கொண்டே போகும் திசையில்தான் எழுத்து பொதுவாக நகரும். மரியாதையான வாக்கியத்தை எடுத்து மரியாதைக் குறைவாக்குகிற சீஷனை நான் கண்டதில்லை.

ஆகவே மாற்கு முந்தியது என்பதை நான் கிட்டத்தட்ட உறுதி என்ற வரிசையில் வைப்பேன். ‘கிட்டத்தட்ட’ என்பதற்குக் காரணம் உண்டு. கிரீஸ்பாக் என்ற ஜெர்மானியர்தான் 1770-களில் மூன்று நூலையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் அச்சிட்டு ஒப்பிட வழிசெய்தவர். ‘ஒத்தமை நற்செய்திகள்’ என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வதற்கு மூலமே அந்தப் பத்திகள்தான். அவருடைய முடிவு நேர்மாறானது: மத்தேயு, லூக்கா இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு மாற்கு கலந்து எழுதினார். அவர் பக்கத்துக்கும் நல்ல இடங்கள் உண்டு. மாற்கு 1:32-ல் “சாயங்காலமாகி, சூரியன் அஸ்தமித்தபோது” என்று இரட்டையாக வருகிறது. கிரேக்கத்தில் பார்த்தால் முதல் பாதி மத்தேயுவில் இருக்கிறது, இரண்டாம் பாதி லூக்காவில் இருக்கிறது. இரண்டையும் ஒட்டியது போலத்தானே தெரிகிறது? ஆனால் மாற்கு இப்படி இரட்டை அடுக்காகப் பேசுகிறவர், நூல் முழுக்க அந்தப் பழக்கம் இருக்கிறது. ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். 1911-லும் 1912-லும் ரோமாபுரியின் வேதாகம ஆணையம் மத்தேயுவே முந்தியது என்று தீர்ப்புக் கொடுத்து, கத்தோலிக்க ஆசிரியர்கள் வேறு மாதிரி போதிக்க முடியாதிருந்தது. பின்னால் அது தளர்ந்தது. இன்று கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டார் என்ற இரண்டு பக்கத்து அறிஞர்களிலும் பெரும்பாலோர் மாற்கை முன்வைப்பவர்களே.

இனி நிச்சயம் குறைகிற இடத்துக்கு வருவோம். மாற்கில் இல்லாமல், மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டும் ஒத்துப்போகிற பகுதி சுமார் 230 வசனம் இருக்கிறது. பெரும்பாலும் இயேசுவின் போதனைகள். மேலே சொன்ன விரியன்பாம்புக்குட்டி அதில் ஒன்று, கர்த்தருடைய ஜெபம் இன்னொன்று, காட்டுப் புஷ்பங்கள், காணாமற்போன ஆடு எல்லாம் இதில்தான். இது எங்கிருந்து வந்தது? 1838-ல் வைஸ்ஸே என்பவர், மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் மாற்கு போக இன்னொரு மூல ஏடு இருந்தது, அது தொலைந்துபோயிற்று என்றார். மூலம் என்பதற்கு ஜெர்மனில் ‘க்வெல்லே’ என்று பெயர், அதன் முதலெழுத்தை வைத்து ‘க்யூ’ என்று பின்னால் வழங்கலாயிற்று. 1863-ல் ஹோல்ட்ஸ்மனும் 1924-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரீட்டரும் இதை நிலைநாட்டினார்கள். இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

ஆரம்ப வருஷங்களில் நானும் க்யூ ஏட்டைக் கண்ணால் கண்டவன் போலக் கரும்பலகையில் கட்டம் போட்டுப் பாடம் நடத்துவேன். ஒரு தடவை பின்வரிசையிலிருந்து வயசான உபதேசியார் ஒருவர் எழுந்து, “ஐயா, அந்த மூலப்பத்திரத்தைப் பார்த்தது யாரு?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது, ஏனென்றால் பத்திரக்காரன் மகன் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. யாரும் பார்த்ததில்லை. ஒரு துண்டு ஏடுகூடக் கிடைத்ததில்லை, பழைய சபைப் பிதாக்களில் ஒருவரும் அதைத் தெளிவாகக் குறிப்பிட்டதில்லை. 1945-ல் எகிப்தில் நாக் ஹம்மாடியில் தோமாவின் சுவிசேஷம் முழுசாகக் கிடைத்தபோது, கதையே இல்லாமல் இயேசுவின் 114 திருமொழிகளை மட்டும் அடுக்கிய நூல் அந்தக் காலத்தில் இருக்க முடியும் என்பது தெரிந்தது. இருக்க முடியும் என்பது வேறு, இருந்தது என்பது வேறு.

க்யூ வேண்டாம் என்பவர்களின் வழி சுலபமானது: லூக்கா மாற்கையும் பார்த்தார், மத்தேயுவையும் பார்த்தார், கதை முடிந்தது. 1955-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஸ்டின் ஃபேரர் இதை வலுவாகச் சொன்னார், இப்போது இதற்கு ஆதரவு கூடிவருகிறது. அவர்கள் காட்டும் நல்ல இடம் இது. இயேசுவின் முகத்தை மூடி அடிக்கும்போது மாற்கில் “தீர்க்கதரிசனம் சொல்” என்கிற மாதிரி மட்டும் இருக்கிறது. மத்தேயுவிலும் லூக்காவிலும் அதோடு “அடித்தவன் யார்” என்ற கேள்வி ஒரே சொற்களில் சேர்ந்து வருகிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பாராமலே மாற்கில் அதே கேள்வியைச் சேர்த்தார்களா? மறுபக்கத்துக் கேள்வியும் சும்மா இல்லை. லூக்கா கையில் மத்தேயு இருந்திருந்தால், சாஸ்திரிகளும் நட்சத்திரமும் எகிப்துக்கு ஓடியதும் எங்கே போயிற்று? அருமையாகக் கோத்த மலைப்பிரசங்கத்தை உதிர்த்து நூல் முழுக்க விதைப்பானேன்? மத்தேயுவில் “ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்”, லூக்காவில் “தரித்திரராகிய நீங்கள் பாக்கியவான்கள்”. இங்கே லூக்காவின் வடிவம்தான் பழசு என்று என் மூக்குக்குப் படுகிறது. என்னைக் கேட்டால் க்யூ பக்கம் அரை அடி சாய்ந்து நிற்கிறேன், அவ்வளவுதான். எதிரே நிற்பவரைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் க்யூ முதலில் ஒரு பதிப்பாக இருந்தது, பிறகு திருத்தப்பட்டது, அதன் பின்னால் இப்படி ஒரு சபை இருந்தது என்று அடுக்கிக்கொண்டே போகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. காணாத பத்திரத்துக்குத் திருத்தல் பத்திரமும் எழுதுகிற வேலை அது.

நீங்கள் தமிழ் வேதாகமத்தை வைத்துத்தான் பார்க்கப்போகிறீர்கள், அதனால் ஒரு எச்சரிக்கை. பாளையங்கோட்டையில் 1820-லிருந்து ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். பிறகு ஹென்றி பவர் தலைமையில் குழுவாக உட்கார்ந்து செய்து 1871-ல் முழுமையாக வந்த மொழிபெயர்ப்புதான் நம் கையில் இன்றும் இருக்கிற ‘பரிசுத்த வேதாகமம்’. அதன் தமிழை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதற்கு ஆதாரமாக இருந்த கிரேக்கப் பாடம் பிற்காலக் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து வந்தது. அந்தப் பிரதிகளை எழுதியவர்களுக்கு மத்தேயு மனப்பாடம். லூக்காவை நகல் எடுக்கும்போதும் கை தானாக மத்தேயுவை எழுதிவிடும். “பரமண்டலங்களிலிருக்கிற” என்று ஆரம்பித்தால் நம் வாய் எங்கே போய் நிற்கும், அப்படித்தான். பழைய பிரதிகளில் லூக்கா 11:2 வெறும் “பிதாவே” என்றுதான் தொடங்குகிறது, “உம்முடைய சித்தம்” என்ற வேண்டுதலே அங்கே கிடையாது. நம் வேதாகமத்தில் இந்த வித்தியாசம் மூடிக்கிடக்கிறது. ஐசுவரியவானான வாலிபனிடம் “நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்?” என்று இயேசு கேட்பது மாற்கிலும் மத்தேயுவிலும் நமக்கு ஒன்றுதான். பழைய பிரதிகளிலோ மத்தேயு 19:17, நன்மையைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று இருக்கிறது. அதுவும் இழைத்த இடம்தான், ஆனால் இழைத்தது தெரியாதபடி நகல் எடுத்தவர்கள் மறுபடி மாற்கின் சொல்லையே போட்டுவிட்டார்கள். ஆகவே 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்த இரண்டும் பிரிந்து தெரியும்.

காலத்தைப் பற்றி ஒரு சொல். பெரும்பாலோர் மாற்கை எருசலேம் அழிந்த கி.பி. 70-ஐ ஒட்டியும், மற்ற இரண்டையும் அதற்குப் பத்து இருபது வருஷம் கழித்தும் வைக்கிறார்கள். இன்னும் முந்தியது என்பவர்களும் உண்டு, வாதமும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பப்பியாஸ் என்ற கண்காணியார், மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்து, நினைவில் இருந்ததைச் சரியாக எழுதினார், ஆனால் வரிசையாக எழுதவில்லை என்று சொன்னதைச் சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் காப்பாற்றி வைத்திருக்கிறார். மத்தேயு எபிரெயர் மொழியில் திருமொழிகளைத் தொகுத்தார் என்பதும் பப்பியாஸ் சொன்னதே. ஆனால் இப்போதுள்ள மத்தேயு, கிரேக்க மாற்கைப் பார்த்துக் கிரேக்கத்திலேயே எழுதிய நூலாகத் தெரிகிறது. அவர் சொன்னது வேறெதையோ என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

இனி நீங்கள் எழுதாத கேள்வி. விசுவாசத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல உங்கள் ஐயர் இருக்கிறார். நூலைப் பற்றி மட்டும் நான் சொல்வேன். வேதாகமத்தில் பார்த்து எழுதுவது இங்கேதான் முதல் தடவை என்று நினைக்காதீர்கள். 2 இராஜாக்கள் 19-ஐயும் ஏசாயா 37-ஐயும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள், எசேக்கியா ராஜா கதை வசனத்துக்கு வசனம் ஒன்று. 2 சாமுவேல் 22-ம் 18-ஆம் சங்கீதமும் ஒரே பாட்டு. நாளாகமம் எழுதியவர் சாமுவேலையும் இராஜாக்களையும் எடுத்து, வேண்டியதை வைத்து, வேண்டாததை விட்டு எழுதியிருக்கிறார். தாவீதும் பத்சேபாளும் பாவத்தில் விழுந்த கதை அவரிடம் கிடையாது. லூக்காவோ ஒளிக்கவே இல்லை. நடந்த சங்கதிகளைப் பற்றி எழுத அநேகம்பேர் ஏற்பட்டார்கள், நானும் எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து ஒழுங்காய் எழுதுகிறேன் என்று முதல் நாலு வசனத்திலேயே தெயோப்பிலுவுக்குச் சொல்லிவிடுகிறார். அவர் முன்னால் ஏடுகள் இருந்தன என்பதை நாம் கண்டுபிடிக்கவில்லை, அவரே சொன்னது. காப்பி என்ற சொல் பரீட்சை ஹாலிலிருந்து வருவதால் நமக்குக் குற்றமாகப் படுகிறது. பத்திர ஆபீஸில் நகல் எடுப்பது குற்றமல்ல, மூலத்தைக் காட்டாமல் எழுதுவதுதான் வில்லங்கம்.

நீங்களே கைப்படச் செய்து பார்க்க வேண்டுமானால், ஒரு லாங் சைஸ் நோட்டை அகலவாக்கில் திருப்பி மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். மாற்கு 6:14-29-ஐ நடுவில் எழுதி, இடப்பக்கம் மத்தேயு 14:1-12, வலப்பக்கம் லூக்கா 9:7-9. மூன்றிலும் வருவதற்குச் சிவப்பு, மாற்கிலும் மத்தேயுவிலும் மட்டும் வருவதற்கு நீலம், மாற்கிலும் லூக்காவிலும் வருவதற்குப் பச்சை. பென்சிலே போதும், ஸ்கெட்ச் பேனா வேதாகமத் தாளில் மறுபக்கம் ஊறும், அதனால்தான் நோட்டில் எழுதச் சொல்கிறேன். ஒரு சாயங்காலம் பிடிக்கும். வலப்பக்கம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், பயப்பட வேண்டாம். பிறந்தநாள் விருந்தும் நடனமும் தாலத்தில் வந்த தலையும் லூக்காவில் இல்லை. யோவானைச் சிறையில் போட்டதை மட்டும் 3:19-20-லேயே, இயேசு ஞானஸ்நானம் பெறுவதற்கும் முன்னால், சொல்லி முடித்துவிடுகிறார். கையில் மாற்கை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கதையை அவர் ஏன் விட்டார் என்று நோட்டை முடித்த பிறகு எழுதுங்கள். என்னிடம் ஒரு ஊகம் இருக்கிறது, ஆனால் உங்களுடையதை முதலில் கேட்கிறேன்.